காது குடுக்கிற கவுன்ட்டர்

பதினஞ்சு நிமிஷம். மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க. நூறு டெசிபல் சத்தத்தை ஒரு மனுஷக் காது ஒரு நாளைக்குத் தாங்கறது பதினஞ்சு நிமிஷம்தான். காது டாக்டருங்க போட்ட கணக்கு இது. நான் சொல்லப்போற டான்ஸ் கிளப்புல சத்தம் நூறுக்குக் கீழ இறங்கினதே இல்ல. அங்க பார் கவுன்ட்டர்ல நிக்கிறவங்களுக்கு ஷிஃப்ட்டு ஏழு மணி நேரம்.

அந்தக் கவுன்ட்டருக்குப் புதுசா ஒரு பொம்பள வேலைக்குப் போனா. முப்பது வயசைத் தாண்டினவ. அதுக்கு முன்னாடி ஒரு துணிக்கடையில பில் போட்டுக்கிட்டிருந்தா. முதலாளி கடையை மூடிட்டான். அவ புருஷன் அதுக்கும் முன்னாடியே மூட்டையைக் கட்டிட்டான். வீட்ல அம்மாவும் தம்பியும். பகல்ல அம்மாவைப் பாத்துக்க ஆள் வேணும், ராத்திரியில தம்பி இருப்பான், அதனால ராத்திரி வேலையா தேடினா. கிடைச்சது இது. கிளப்புல அவளை எல்லாரும் "புதுசு"ன்னு கூப்பிட்டாங்க. நாமளும் அப்படியே கூப்பிடுவோம்.

அம்மாவைப் பத்திச் சொல்லாம இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஒரு காலத்துல பஸ் ஸ்டாண்டுல பழம் வித்தவ. அவ கூவினா கிளம்பின பஸ்ஸே நிக்கும்னு சொல்லுவாங்க. தொண்டையில கட்டி வந்து, அறுத்து எடுத்தாங்க. குரல் போச்சு, வாய் போகல. பேசினா வெறும் காத்துதான் வரும், அந்தக் காத்துலயும் முள்ளு இருக்கும். தம்பிக்காரன் வேன் ஓட்டுறவன். அவனுக்கு அம்மா பேசறது டயர்ல காத்து இறங்கற மாதிரிதான் கேக்கும். "ஆங்? ஆங்?"னு ரெண்டு தடவை கேப்பான், மூணாவது தடவை எழுந்து போயிடுவான். அம்மாவுக்கு எழுதப் படிக்கவும் தெரியாது.

புதுசுக்கு மட்டும் கேக்கும். அடுப்படியில நின்னாலும் கேக்கும். டாக்டர்கிட்ட, தம்பிகிட்ட, வீட்டுக்காரர்கிட்ட அம்மா சொல்றதை எடுத்துச் சொல்றவ அவதான். வீட்டுக்காரர்கிட்ட மட்டும் பாதியை முழுங்கிட்டுச் சொல்லுவா. முழுசாச் சொல்லியிருந்தா என்னைக்கோ வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருப்பார்.

வேலை கிடைச்ச அன்னைக்குத் தம்பி குதிச்சான். "பார்ல நிக்கப் போறியா? நாலு பேரு என்ன பேசுவான்?"

அம்மா கட்டில்ல இருந்து என்னமோ சொன்னா.

"என்னவாம்?"

"அந்த நாலு பேரும் அங்கதான் குடிச்சுக்கிட்டிருப்பானுங்களாம்."

தம்பி வேன் சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான்.

வேலை சொல்லிக் குடுத்தவன் அவளை விடச் சின்னப் பையன். தாடி இன்னும் ஒழுங்கா மூடல. கிளப்புல அவன் பேரு "வாத்தி". பாட்டு இல்லாத மத்தியான நேரத்துல வரச் சொன்னான். அந்த வெளிச்சத்துல கிளப்பைப் பாக்கச் சகிக்காது. கறுப்புச் சுவர் முழுக்கக் கைரேகை. தரையில செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரியும். கவுன்ட்டருக்கு நேர் எதிர்ல, மேல, அலமாரி மாதிரி ரெண்டு ஸ்பீக்கர் தொங்கும்.

"அக்கா, இது குழாய், இது கிளாஸ். சாய்ச்சுப் பிடி. நேராப் பிடிச்சா பீர் விக்க முடியாது, நுரைதான் விக்கணும்."

"தெரியும்பா."

"எப்படித் தெரியும்?"

"வீட்ல சோப்புத்தூள் கரைச்சிருக்கேன்."

வாத்தி சிரிச்சான். "சரி, இப்ப நான் கஸ்டமர். நீ ஊத்திக்கிட்டே இரு, நான் அடுத்த ஆர்டரைச் சொல்றேன். ஏய், என் மூஞ்சியை ஏன் பாக்கிற?"

"நீதானே பேசற?"

"கண்ணு கிளாஸுக்கு, காது கஸ்டமருக்கு. என் மூஞ்சியைப் பாத்தா கிளாஸ் வழியும். கிளாஸ் வழிஞ்சா மேனேஜர் வருவாரு. மேனேஜர் வந்தா நீ வழியணும்."

தொழில்ல பாதி இதுதான். ஒரு ஆர்டரை ஊத்தும்போதே அடுத்த ஆர்டரை வாங்கணும். பீர் குழாய் வலது பக்கம் இருக்கு. அதனால கண்ணும் தலையும் வலது பக்கம் திரும்பியே இருக்கும். கஸ்டமர் கவுன்ட்டர் மேல கவுந்து கத்துவான். அவன் வாய்க்கு எட்டறது இடது காது. அவன் தலைக்கு மேல ஸ்பீக்கர், அதுவும் பாக்கறது அதே இடது காதைத்தான்.

"காதைக் குடு, வாயைக் குடுக்காதே"ன்னான் வாத்தி. "குடிச்சவன்கிட்ட வாயைக் குடுத்தா விடியற வரைக்கும் விடமாட்டான்."

மத்ததெல்லாம் சீக்கிரம் வந்துடுச்சு. எந்த பாட்டில் எந்தத் தட்டுல, யாருக்குப் போதும்னு சொல்லணும், யார்கிட்ட சொல்லக் கூடாது, உடைஞ்ச கிளாஸை வெறுங்கையால எடுக்கக் கூடாது, எல்லாம். ஐஸ் தொட்டிக்குள்ள கையை விட்டு விட்டு விரல் மரத்துப் போகும். முதல் வாரம் வலிச்சுது. அப்புறம் வலிக்கல. வீட்டுக்கு வந்து படுத்தா காதுக்குள்ள ஒரு கொசு கத்தும். முதல்ல மத்தியானத்துக்குள்ள நின்னுடும். பின்னால சாயங்காலம் வரைக்கும் கத்துச்சு. பயமா இருந்துச்சான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்லுவா. சந்தோஷமும் இல்ல, துக்கமும் இல்ல. வேலைக்குப் போனா, வந்தா.

கிளப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி பார் ஆளுங்க எல்லாம் ஒண்ணாச் சாப்பிடுவாங்க. சுவரோரமா ஒரே ஒரு நீள பெஞ்ச். வரிசையா உக்காந்து மடியில தட்டை வச்சுச் சாப்பிடணும். அந்த பெஞ்ச்ல இடது கோடிக்கு ஒரு அடிதடி நடக்கும். யார் முதல்ல வர்றாங்களோ அவங்க அங்க போய் உக்காந்துக்குவாங்க. கடைசியா வர்றவருக்கு வலது கோடி. புதுசுக்கு எப்பவும் வலது கோடிதான் கிடைச்சுது. சீனியர் ஜூனியர் விவகாரம்னு நினைச்சுக்கிட்டா. உக்கார இடம் கிடைச்சாப் போதும்னு விட்டுட்டா.

அப்புறம் ஒரு நாள் அம்மாவுக்குத் தலை குளிப்பாட்டினா.

அம்மாவை ஸ்டூல்ல உக்கார வச்சு, வலது பக்கமா நின்னு, குனிஞ்சு தேய்ச்சுக்கிட்டிருந்தா. ஷாம்பு நுரை நெத்தியில இறங்கிச்சு. அவ பாட்டுக்குத் தேய்ச்சா. அம்மா கையைத் தூக்கி அவ கன்னத்துல ஒண்ணு விட்டா. ஈரக் கை, பளார்னு விழுந்துச்சு.

"ஏம்மா!"

அம்மா கண்ணைக் காட்டினா. ரத்தமாச் சிவந்திருந்துச்சு. இவ நேரா முகத்தைப் பாத்ததும் உதடு அசைஞ்சுது. "எத்தனை தடவைடி சொல்றது? கண்ணு எரியுதுன்னு கத்திக்கிட்டே இருக்கேன்."

"நீ எங்க கத்தின?"

"உன் காதுக்குள்ளதான்டி கத்தினேன்."

குனிஞ்சிருந்தப்ப அம்மா வாய்க்குப் பக்கத்துல இருந்தது இவளோட இடது காது. ஒரு விரல்கடை தூரம்கூட இல்ல. இவ தண்ணியை மொண்டு அம்மா கண்ணைக் கழுவினா.

அன்னைக்கு கிளப்புல சாப்பிடும்போது பெஞ்சைப் பாத்தா. வலது கோடியில உக்காந்தா எல்லாரும் இடது பக்கம். நடுவுல உக்காந்தவன் சொன்ன ஜோக்குக்கு எல்லாரும் சிரிச்சாங்க. இவளுக்கு உதடுதான் தெரிஞ்சுது. தட்டைக் கீழ வச்சுட்டு எழுந்து போய் வாத்தி முன்னாடி நின்னா.

"உனக்கு இடது காது எப்படி?"

மென்னுக்கிட்டிருந்தவங்க எல்லாம் நிறுத்திட்டாங்க.

"எல்லாருக்கும் அதே காதுதான் அக்கா"ன்னான் வாத்தி. "இந்த மூலைக்கு ஏன் அடிச்சுக்கறோம்னு நினைச்சே? இங்க காத்து நல்லா வருதுன்னா?"

"ஏன் முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டியா?"

யோசிச்சுப் பாத்தா. வந்துதான் இருப்பா.

"நீ இந்தப் பக்கம் உக்காரு"ன்னு அவன் சொல்லவும் இல்ல, நகரவும் இல்ல. நல்லவன்தான். ஆனா நகரல.

வீட்ல அம்மா சும்மா இருப்பாளா? பஸ் ஸ்டாண்டு வியாபாரி. பழத்தைத் தட்டிப் பாக்காம வாங்க மாட்டா. மறுநாள் தலை வாரி விடுன்னு பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா. இவ இடது காதுகிட்ட வாயைக் கொண்டு போய் மெதுவா என்னமோ ஊதினா. இவ வாரிக்கிட்டே இருந்தா. இன்னும் என்னமோ ஊதினா. அதுக்கும் வாரிக்கிட்டே இருந்தா. அப்புறம் அம்மா இவ தாடையைப் பிடிச்சு மூஞ்சியைத் திருப்பி, வலது காதுல சொன்னா.

"உன் புருஷன் ஓடினது உன் சமையலுக்குப் பயந்துதான்."

சீப்பு நின்னுடுச்சு. "என்னம்மா பேச்சு இது?"

"இதே பேச்சைத்தான் அந்தக் காதுல ரெண்டு தடவை பேசினேன். நீ பாட்டுக்கு சாமி மாதிரி உக்காந்திருக்க."

இவ சீப்புல சிக்கின முடியைப் பிச்சுப் போட்டா. அம்மாதான் மறுபடி ஆரம்பிச்சா. "வேலையை விட்டுடு."

"விட்டா?"

தம்பி வேன்ல வர்றது டீசலுக்கும் வேனுக்குமே சரியாப் போகுது. துணிக்கடையெல்லாம் ஆளைக் குறைக்குது. பகல் முழுக்க அம்மா பக்கத்துல இருந்துக்கிட்டே சம்பாதிக்கிற வேலை வேற எது?

மூணாவது மாசம் முடிஞ்சதும் மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், கத்திப் பேச மாட்டார். அவர் ரூமுக்குக் கதவு கனமா இருக்கும், உள்ள சத்தமே வராது.

"நல்லாச் செய்யற. இனிமே நீ நிரந்தரம்."

"சார், காதுல அடைப்பான் வச்சுக்கட்டுமா?"

"என்ன அடைப்பான்?"

"மருந்துக்கடையில விக்குதே, மெத்துனு இருக்குமே. வச்சாலும் பேச்சு கேக்குமாம், இரைச்சல்தான் குறையுமாம்."

மேனேஜர் நாற்காலியில சாய்ஞ்சார். "கஸ்டமர் தொண்டை கிழியக் கத்தறான். நீ காதை அடைச்சுக்கிட்டு நின்னா அவனுக்கு எப்படி இருக்கும்? விருந்தாளி முன்னாடி மூக்கைப் பொத்தற மாதிரி இருக்காது?"

"அப்ப இடது பக்கமும் ஒரு பீர் குழாயாவது போட்டுக் குடுங்க சார். கொஞ்ச நாள் அந்தப் பக்கம், கொஞ்ச நாள் இந்தப் பக்கம்னு நிப்போம்."

"பைப் தரைக்கு அடியில போகுதும்மா. உன் காதுக்காகத் தரையை உடைக்கச் சொல்றியா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. தனியாப் போனவளுக்கு அந்த ஆமா வராது. பார்ல இருந்த அத்தனை பேரும் அவளோட போய் அந்தக் கனமான கதவுக்குள்ள நின்னிருந்தா தரை உடைஞ்சிருக்கும். குறைஞ்சது அடைப்பானாவது கிடைச்சிருக்கும். அவங்க அப்ப கிளாஸ் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. அவ அவங்களைக் கூப்பிடவும் இல்ல, அவங்களா வரவும் இல்ல. இதைத் தலையெழுத்துன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரு குழாயை எந்தப் பக்கம் வச்சாங்கன்னுதான் விஷயம்.

திரும்பி வர்ற வழியில மருந்துக்கடைக்குப் போனா. சின்ன டப்பா, உள்ள ரெண்டு அடைப்பான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி உக்காந்து ஒண்ணை எடுத்து உருட்டினா. வலது காதுல வச்சா. முடியை இழுத்து அது மேல விட்டுப் பாத்தா. தலை குழாய்ப் பக்கம் திரும்பியிருக்கும்போது வலது காது பின்னால இருக்கிற சுவத்தைத்தான் பாக்கும். கஸ்டமருக்குத் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது. இன்னொண்ணு டப்பாவுலயே இருந்துச்சு. இடது காதுல வச்சா ஆர்டர் குடுக்க வர்றவன் கண்ணுல நேரா படும்.

அம்மா கட்டில்ல இருந்து பாத்துக்கிட்டே இருந்தா. கையைக் காட்டிக் கூப்பிட்டா. இவ அடைப்பானை எடுத்துட்டு வலது காதைக் குடுத்தா.

"இது எனக்கா?"

"ஆமா."

அம்மா இடது காதைத் தொட்டா. "அது அவனுங்களுக்கா?"

"ஆமாம்மா."

"அவனுங்களுக்கு நல்ல காதைக் குடுத்துட்டியேடி. இதுல அழுக்கா இருக்கு, சுத்தம் பண்ணிட்டு வா."

புதுசு சிரிக்கணும்னுதான் பாத்தா. வாய் இழுத்துச்சு, சிரிப்பு வரல. அழுகையும் வரல. எழுந்து போய்க் காதைக் கழுவிட்டு வந்து உக்காந்தா. அம்மா தம்பியைப் பத்தி, வீட்டுக்காரரைப் பத்தி, பக்கத்து வீட்டு மருமகளைப் பத்தி வரிசையா ஊதித் தள்ளினா. எல்லாம் கேட்டுச்சு. கேட்டுட்டு, முடியை வாரி வலது பக்கமா விட்டுக்கிட்டு வேலைக்குக் கிளம்பினா.

கட்டிலை மறுநாளே சுவத்துல இருந்து இழுத்து, வலது காது அம்மா பக்கம் வர்றாப்ல அவ மறுபக்கம் உக்கார்ற மாதிரி போட்டாங்க. பெஞ்ச்ல இடது கோடிக்கு இப்ப அவளும் அடிச்சுக்கிறா. அவளுக்கு அப்புறம் ரெண்டு பேரு புதுசா வந்தாங்க. அவங்களுக்கும் வாத்திதான் சொல்லிக் குடுத்தான். அவங்க வலது கோடியில உக்காந்து சாப்பிடறாங்க.

ரெண்டாவது வருஷம், தம்பி நச்சரிச்சதால காது டாக்டர்கிட்ட போனா. கண்ணாடி ரூம்ல உக்கார வச்சு, பீப் கேட்டா பட்டனை அமுக்கச் சொன்னாங்க. அமுக்கினா. வலது காது பழுதில்லன்னு டாக்டர் சொன்னார். இடது காதுல போனது நாற்பத்தி நாலு சதவீதம்.