உள்ளே கிடந்த குழாய்

மாட்டுப்பட்டிக்கு மேலே தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளும் முத்துப்பேச்சிக்கு விலாவில் வலி கண்டபோது, முதலில் நினைவுக்கு வந்தவள் இன்பமேரி. பக்கத்து நிரையில் கிள்ளியவள். போன மழைக்காலத்தில் செத்துப்போனவள்.

இன்பமேரிக்கும் சிறுநீரகக் கல்தான். காட்டில் ஒதுங்க இடமில்லாததால் வேலை முடியும்வரை பெண்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அவளுக்குக் கத்தி வைக்காமல், மூத்திரப் பாதை வழியாகவே மெல்லிய கேமராவை விட்டு, லேசரால் கல்லைப் பொடித்தார்கள். வழி அடைபடாமலிருக்க உள்ளே சின்னக் குழாய் ஒன்றை வைத்து, சில வாரத்தில் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வலி விட்டதும் அவள் போகவில்லை. குழாய் இருப்பதை யாரிடமும் சொல்லவுமில்லை; செத்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. குழாய்மேலேயே கல் படிந்து, சீழ் பிடித்து, காய்ச்சலோடு போய்ச் சேர்ந்தாள்.

முத்துப்பேச்சிக்கும் அதே வைத்தியம் நடந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடக்க, திரையில் தன் உள்ளுடம்பைப் பார்த்தாள். ஈரமான சிவப்புக் குகை, அதன் கோடியில் மஞ்சளாய்க் கல். அது பொடிந்தது. குழாயோடு மலையேறி வந்தாள்.

கொஞ்ச நாளைக்கு ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் உள்ளிருந்து யாரோ சுண்டி இழுத்தார்கள். பிறகு அதுவும் அடங்கியது. கொழுந்து கொழிக்கும் நேரம். குழாயை எடுக்க ஆஸ்பத்திரிக்கு அடுத்த மாசம் போகலாமே என்றார் கங்காணி. இவளும் தலையாட்டிவிட்டாள்.

அன்று மூடுபனி. ஆளில்லாத பக்கத்து நிரையில் கொழுந்து ஒடியும் சத்தம் கேட்டது. கூடவே இன்பமேரியின் குரல், சாதாரணமாக:

“எடுத்துட்டியா பேச்சி?”

கூடையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அவள் சொன்னதைக் கேட்டுக் கணவன் பாண்டீஸ்வரன் சிரிக்கவில்லை. மறுநாளே ஜீப் பிடித்துக் கூட்டிப்போனான்.

குழாயை எடுக்க அதிக நேரமாகவில்லை. இரண்டு முனையும் சுருண்டிருந்த அதை டாக்டர் தூக்கிக் காட்டினார்.

“முழுசா வந்துருச்சுங்களா சார்? உள்ள வேற எதுவும் இல்லையே?”

எதுவுமில்லை என்றார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

இப்போது லயத்து வீடுகளில் யார் கல்லுக்கு வைத்தியம் பார்த்துத் திரும்பினாலும் முத்துப்பேச்சி வாசலில் போய் நிற்கிறாள். உள்ளே குழாய் வைத்தார்களா, எப்போது எடுக்கிறார்கள் என்று விசாரிக்கிறாள். எடுக்கும்வரை தினமும் போகிறாள். சிலர் அவளைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். வெளியே நின்றே கேட்கிறாள். அப்படிக் கேட்கும்போது, பேசுவது தன் குரல்தான் என்று அவளுக்கே நிச்சயமாய்த் தோன்றுவதில்லை.