அத்தா பார்த்த பெருக்கல் குறிகள்

இந்த ஊரில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் பக்கத்தில் நிற்பவரையும் வாழ்த்துவார்கள். நெதர்லாந்துக்கு வந்து வேலையில் சேர்ந்த முதல் வாரம் இது எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். அவளே கேக் வாங்கி வந்து அவளே வெட்டிக் கொடுத்தாள். எல்லோரும் வரிசையாக வந்து அவள் கையைக் குலுக்கிவிட்டு, அடுத்து என் கையையும் குலுக்கி "ஹெஃபெலிசிட்டேர்ட்" என்றார்கள். வாழ்த்துகள் என்று அர்த்தம். நான் பதறிப்போய், "எனக்கு இல்லை, எனக்கு ஆகஸ்டில்தான்" என்றேன். உடனே ஒருவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டி ஆகஸ்டு பக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டார். நான் கேக் கொண்டுவரப் போகும் நாளை அறிவித்ததாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்டு வந்ததும் ஞாபகமாகக் கேட்டார்கள். கேசரி கிளறிக் கொண்டுபோனேன். கேரட்டை வேகவைத்து மசித்தது என்று நினைத்து, உப்பு போட மறந்துவிட்டாயா என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார்.

அன்றைக்குத்தான், கேசரித் தட்டோடு என் மேசைக்கு வந்த பீட்டர், வெப்சைட் செய்யும் இந்த வேலையை எங்கே கற்றாய் என்று கேட்டார். விருத்தாசலம் என்றேன். மூன்று முறை சொல்லிப் பார்த்துத் தோற்றார். செராமிக் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்று விளக்கினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாங்கள் வேலை பார்க்கும் டெல்ஃப்ட் நகரமும் பீங்கானுக்குப் பேர்போனது. நீலப் பூ வரைந்த வெள்ளைத் தட்டுகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, தொடாதே என்று எழுதி விற்பார்கள். "அப்படியானால் உங்கள் ஊரிலும் தட்டில் பூ வரைவார்களா?" என்றார். இல்லை, எங்கள் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் ஃபியூஸ் கட்டை செய்வார்கள், பக்கத்துக் கம்பெனியில் கக்கூஸ் பேசின் என்றேன். அவர் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அதுதான் உண்மையில் தேவையானது" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தப் பதிலால்தான். அதனால் அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். நான் விருத்தாசலத்தில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. எங்கள் கல்லூரி லேபில் பத்துக் கம்ப்யூட்டர்கள், அவற்றில் ஏழு ஓடும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இன்டர்நெட் கிடையாது. இன்டர்நெட் இல்லாமலே வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்ட கூட்டம் நாங்கள், கிணற்றைப் பார்க்காமலே நீச்சல் படித்தது போல. பாடம் எடுத்த கவிதா மிஸ் எங்களைவிட மூன்று வயதுதான் பெரியவர். அவரும் அப்போதுதான் அதைப் படித்துக்கொண்டிருந்தார். "அடுத்த பாடம் நானே இன்னும் படிக்கலைங்கப்பா, வியாழக்கிழமை வாங்க" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவார். கோண அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லை எழுதினால் எழுத்து தடிமனாகும், இன்னொரு சொல்லை எழுதினால் சாயும், வேறொன்றுக்கு எழுத்து திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடும். என் பெயர் முதல்முதலாக ஓடியபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜமீலா, "உக்காருடி வசந்தி, அது திரும்பி வரும்" என்றாள்.

ஜமீலாவுக்கு மங்கலம்பேட்டை. தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, சார்ஜாவில் ஏசி மெக்கானிக். அவர் கடைசியாக ஊருக்கு வந்துபோய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. குடும்பத்தை இங்கே பார்த்துக்கொண்டது அத்தாவின் அண்ணன். ஜமீலாவுக்குப் பெரியத்தா. நல்ல மனிதர்தான். பெருநாள் கழிந்ததும் அவளுக்கு நிக்காஹ் முடித்துவிட வேண்டும் என்று அவர் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார். ஜமீலாவோ எம்.சி.ஏ. படிக்கவேண்டும் என்று தவித்தாள். அத்தாவிடம் சொன்னால் கேட்பார் என்று நம்பினாள். ஆனால் சொல்வது எப்படி? வெள்ளிக்கிழமை போன் வரும். வீடே போனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அவளுக்குக் கிடைப்பது அரை நிமிஷம். கடிதம் என்றால் வீட்டில் எல்லோரும் ஒரே தாளில் ஆளுக்கு நாலு வரி எழுதி, பெரியத்தா படித்துப் பார்த்து ஒட்டி அனுப்புவார்.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு வெப்சைட் செய்யவேண்டும் என்று புராஜெக்ட். நான் அப்பாவின் ஃபியூஸ் கட்டைக் கம்பெனிக்குச் செய்தேன். ஜமீலா இரண்டு நாள் ஒன்றும் எழுதாமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் என் காதருகே வந்து, "நான் அத்தாவுக்கே ஒண்ணு செய்யப் போறேன். பெரியத்தாவுக்கு இந்தக் கம்ப்யூட்டர் பக்கம் வரத் தெரியாதில்ல?" என்றாள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய ஒன்றைத்தான், வீட்டில் யாருக்கும் தெரியாத ரகசியமாக அவள் கண்டுபிடித்தாள்.

ஸ்டூடியோவில் மூன்று போட்டோக்களை ஸ்கேன் செய்து ஃபிளாப்பியில் வாங்கினோம். கல்லூரி வாசலில் அவள் நிற்பது ஒன்று, லேபில் உட்கார்ந்திருப்பது ஒன்று, மார்க் ஷீட் ஒன்று. அதற்குக் கீழே தமிழில் அவள் கடிதம். கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் காப்பி செய்து, இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் ஏற்றினோம். திறந்து பார்த்தோம். மூன்று போட்டோவும் வரிசையாக வந்தன. எழுத்து பளிச்சென்று இருந்தது. வெள்ளிக்கிழமை போனில், கல்லூரி ஹோம்வொர்க், அத்தா பார்க்கவேண்டுமாம் என்று சொல்லி, வீடே கேட்டுக்கொண்டிருக்க, அந்த நீண்ட முகவரியை ஒவ்வொரு எழுத்தாக அவருக்குச் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பதில் வந்தது. சனிக்கிழமை லேபுக்கு வந்த ஜமீலா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அத்தா சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"என்னாம்மா இது, எழுத்து பூரா பூச்சி பூச்சியா இருக்குது. மேல மூணு பொட்டி. பொட்டிக்குள்ள செவப்புல பெருக்கல் குறி. வாத்தியாரு தப்புன்னு போட்டுட்டாரா? பரவால்லம்மா, அடுத்த வாட்டி நல்லா எழுது."

சரிசெய்துவிடுகிறேன், அடுத்த வெள்ளிக்கிழமை போன் பண்ணும் முன் மறுபடி திறந்து பாருங்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகப் பெரியத்தா சொல்லிவிட்டிருந்தார். நடுவில் இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

அன்று மதியமே பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். அதே கம்ப்யூட்டரில் திறந்தால் எல்லாம் சரியாக இருந்தது. போட்டோ இருக்கிறது, எழுத்து இருக்கிறது. மூடித் திறந்தோம். மறுபடியும் சரி. "அத்தாவுக்குத்தான் கண்ணு சரியில்லையோ" என்றாள் ஜமீலா. அந்த நேரம் சென்டர்காரர் வந்து, வேறு ஒருவர் அந்த மிஷினுக்குக் காத்திருப்பதாகச் சொல்லி எங்களைப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றி உட்காரவைத்தார். அங்கே திறந்தோம். மூன்று பெட்டி. மூன்று பெருக்கல் குறி. கீழே பூச்சி பூச்சியாக எழுத்து. சார்ஜாவில் அத்தா பார்த்தது எங்கள் கண் முன்னால் அப்படியே வந்து நின்றது.

அப்போதுதான் விளங்கியது. போட்டோ எங்கே இருக்கிறது என்று ஜமீலா எழுதிய இடத்தில், முதல் கம்ப்யூட்டரின் சி டிரைவின் முகவரியைக் கொடுத்திருந்தாள். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டதாக நினைத்தோம், போட்டோக்களைத் தளத்தில் ஏற்றவே இல்லை. அந்த ஒரு மிஷின் மட்டும் தன் பெட்டிக்குள்ளிருந்தே எடுத்துக் காட்டியிருக்கிறது. அந்தச் சென்டரில் தமிழ் எழுத்துருவும் அதில் மட்டும்தான் இருந்தது. எங்கள் மேசையில் எல்லாம் சரி, உலகத்தில் எங்கேயும் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் எந்த வேலையை முடித்தாலும் நான் எழுந்துபோய் இன்னொருவர் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டுத்தான் முடிந்தது என்று சொல்கிறேன். வெளிநாட்டுக்கு வந்த பிறகு மனிதர்களோடு பேசும்போதும் இந்தப் பழக்கம் உதவுகிறது. எனக்குத் தெளிவாக இருக்கும் ஒரு வாக்கியம் எதிரே இருப்பவருக்கு மூன்று வெறும் பெட்டியாகத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

போட்டோவைச் சரிசெய்வது சுலபம். எழுத்துக்கு என்ன செய்வது? கவிதா மிஸ்ஸிடம் போனோம். அவர் யோசித்துவிட்டு, "எழுத்தா அனுப்பினாத்தான தொல்லை. படமா அனுப்புங்க" என்றார். கடிதத்தை லேபில் உட்கார்ந்து பெயின்ட் என்ற படம் வரையும் மென்பொருளில் தட்டச்சு செய்து, முழுக் கடிதத்தையும் ஒரு படமாக மாற்றினோம். வியாழக்கிழமை ஏற்றினோம். சென்டரில் இருந்த ஆறு கம்ப்யூட்டரிலும் போய்ப் போய்த் திறந்து பார்த்தோம். சினிமாப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரைக்கூட எழுப்பிவிட்டுப் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை நான் மங்கலம்பேட்டைக்குப் போனேன். படிப்பதற்கு என்று சாக்கு. தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பி, பிரியாணி சாப்பிட்டு முடிக்கும்போது போன் அடித்தது. ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியத்தாதான் எடுத்தார்.

"ஆங், சொல்லு தம்பி... நல்லா இருக்காங்க... சரி... என்னாது?" அவர் ஜமீலாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். "யாரு யாரு படிச்சாங்க? பதினோரு பேரா?"

பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். "சரி" என்றார். "சரி தம்பி" என்றார். கடைசியில் போனை அவளிடம் நீட்டினார். அவள் காதில் வைத்தாள். ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினாள். போனில் தலையாட்டினால் அத்தாவுக்குத் தெரியாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. சார்ஜாவில் விடுமுறை நாள் ஆனதால் அந்த இன்டர்நெட் கடை நிறைந்திருந்திருக்கிறது. அத்தா படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னவென்று பார்க்க அறைத் தோழர்கள் வந்தார்கள். அவர்கள் படித்தார்கள். அடுத்த நாற்காலிக்காரர் படித்தார். தமிழ் படிக்கத் தெரியாத மலையாளி ஒருவர், சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். புள்ள கேக்குதில்ல, படிக்க வையுங்க பாய் என்று பதினோரு பேரும் ஒரே பேச்சு. தன் மகளின் மார்க் ஷீட்டை அந்தக் கடையில் எல்லோரும் பார்த்தார்கள் என்பதில்தான் அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

போனை வைத்ததும் பெரியத்தா அவளைக் கூப்பிட்டார். "ஊரக் கூட்டி பஞ்சாயத்து வச்சிட்ட" என்றார். "என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீங்க முடியாதுன்னு சொல்லிருப்பீங்க பெரியத்தா."

அவர் தாடியைத் தடவினார். "சொல்லித்தான் இருப்பேன்" என்றார். "ஞாயித்துக்கெழம வர வேணாம்னு அவங்களுக்கு நான் சொல்லிடுறேன். அதுக்கு முன்னாடி அந்த எழவ எனக்கும் காட்டு. துபாய்க்காரனெல்லாம் படிச்சிட்டான், வூட்டுல இருக்குறவன் படிக்கல."

சனிக்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு பிரவுசிங் சென்டருக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து முழுக் கடிதத்தையும் படித்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நின்றோம். கடைசியில் விரலால் ஓர் இடத்தைத் தொட்டார்.

"‘படிக்கனும்’ இல்லம்மா, ‘படிக்கணும்’. மூணு சுழி. இத்தன பேரு பாக்குற எடத்துல தப்பா இருக்கலாமா?"

எழுத்தாக இருந்தால் ஒரு நொடியில் திருத்தியிருக்கலாம். படமாகிவிட்டதால் முழுக் கடிதத்தையும் மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்தோம். அவ்வளவு சந்தோஷமாக ஒரு பிழையை நான் அதற்குப் பிறகு திருத்தியதே இல்லை. புராஜெக்டில் ஜமீலாவுக்கு என்னைவிட இரண்டு மார்க் கூட. என் ஃபியூஸ் கட்டை வெப்சைட்டை அப்பாவைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

பீட்டர் கதையைக் கேட்டுவிட்டு, "அந்தப் பதினோரு பேருக்கும் வாழ்த்துகள்" என்றார். ஜமீலா எம்.சி.ஏ. முடித்து இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளே பார்த்துச் சரி என்று சொன்ன மாப்பிள்ளையோடு நிக்காஹ் ஆனது. அத்தா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். போன வருஷம் விடுமுறையில் அவரைப் பார்க்கப் போனபோது, டீ கொடுத்த கையோடு, "எப்ப வந்தே, எப்ப போறே?" என்று ஒரே மூச்சில் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "என்னையும் இருவது வருசமா இப்படித்தான் கேட்டாங்க" என்றார்.

இந்த வருஷமும் ஊருக்குக் கிளம்பினேன். காலையில் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வரும்போது, பக்கத்து வீட்டு மரீகே தன் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த டச்சு மொழியில் அப்படியே மாற்றி, "போயிட்டு வரேன்" என்றேன். வாக்கியம் அங்கே போய் என்னவாகச் சேர்ந்ததோ தெரியவில்லை. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நிஜமான குழப்பத்தோடு கேட்டாள்: "போகிறாயா, வருகிறாயா?"

சிரிப்புத்தான் வந்தது. குனிந்து பார்த்தேன். பெட்டியின் இரண்டு சக்கரங்கள் வாசற்படிக்கு வெளியே இறங்கியிருந்தன. இரண்டு இன்னும் உள்ளேயே இருந்தன.