என் கணவரின் பாகற்காய் வைத்தியம்

என் கணவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியதற்குக் காரணம் அவருடைய போனுக்கு வந்த ஒரு வீடியோ. அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பாகற்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாத்திரை என்பதே கம்பெனிக்காரன் சதி என்றார். அவர் டாக்டரா, வாத்தியாரா, பாகற்காய் வியாபாரியா என்று என் கணவர் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் போலீஸில் இருந்தவர். வாசலில் நிற்கும் பால்காரரிடம்கூட இரண்டு தடவை ஊர் பேர் விசாரிக்கிற மனிதர்.

"ஏட்டி, நாளையிலருந்து வெறும் வயித்துல பாகற்காச் சாறு. மாத்திரை கெடையாது" என்றார்.

"டாக்டர்ட்ட கேட்டீகளா?"

"அவன் என்ன சொல்லுவான்? அவன் பொழப்பே அதுலதான ஓடுது."

நான் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய் இருநூறு பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் அளந்து போட்டவள். எந்தப் பிள்ளை கீரையை ஒதுக்கும், எந்தப் பிள்ளை முட்டையைத் தம்பிக்கென்று பையில் ஒளிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குச் சாப்பாட்டு அறிவு சொல்ல வந்தவருக்கு, சொந்த வீட்டில் சீரக டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு கூட்டம் இருந்தது. காலையில் அவரோடு சேர்ந்து நடக்கிற ஆட்கள், எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். வெண்டைக்காயை ஊறப்போட்ட தண்ணீரைக் குடி என்று திங்கட்கிழமை வரும். குடிக்காதே, சிறுநீரகம் போய்விடும் என்று வியாழக்கிழமை வரும். இரண்டையும் ஒரே ஆள்தான் அனுப்பியிருப்பார். இரண்டுக்கும் கீழே ரோஜாப்பூவும் கும்பிட்ட கையும் வரிசையாக விழுந்து கிடக்கும். அதில் ஒருவராவது தான் தின்ற தட்டைக் கழுவியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

வெள்ளை அரிசி விஷம் என்று முடிவானதும் வரகும் சாமையும் வந்து இறங்கின. வரகில் பொங்கல் வைத்தேன். சிறுதானியத்தில் சர்க்கரையே கிடையாது என்று சொல்லிக்கொண்டு மூன்று தடவை நெய் ஊற்றிச் சாப்பிட்டார். வாக்கிங் முடிந்து வருகிற வழியில் உளுந்த வடை, சாயங்காலம் கடைவீதிக்குப் போனால் கொஞ்சம் பால்கோவா. கேட்டால், "பால்தான இது" என்பார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் பால்கோவாவில் சீனி இருப்பதை அறியாதவராக இருந்தார்.

ஒரு மாதத்தில் முகம் வற்றிவிட்டது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். காலைச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியிலேயே தலை தொங்கிவிடும். கட்டாயப்படுத்தி ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். வெறும் வயிற்றில் எடுத்ததே முந்நூறைத் தாண்டியிருந்தது.

"மொதல்ல ஏறித்தான் இறங்குமாம். ஒடம்புல உள்ள கழிவு வெளியேறுது" என்றார்.

கெஞ்சினேன். சண்டை போட்டேன். "ஒனக்கு என்ன தெரியும், நீ சாம்பார் வச்சவ" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அழுகிற பிள்ளையிடம் வாதாட முடியாதது மாதிரி இந்த ஆளிடமும் வாதாட முடியாது என்றுதான் தோன்றியது. மறுநாள் காலையில் மாத்திரையைச் சப்பாத்திக் கட்டையால் நசுக்கி, பொடியைப் பாகற்காய்ச் சாற்றில் கலக்கிக் கொடுத்தேன். கசப்போடு கசப்பு சேர்ந்ததை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்ணை மூடி மடமடவென்று குடித்துவிட்டு, "ஆகா, இன்னைக்கு நல்லா எறங்குது" என்றார். ராத்திரி மாத்திரைக்கு வெந்தயக் கஷாயம் என்று ஒன்றை நானே கண்டுபிடித்தேன். அதையும் குரூப்பில் போட்டார்.

சர்க்கரை இறங்கியது. முகம் தெளிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. அடுப்படியில் நின்றுகொண்டு, எம்புட்டு பெரிய முட்டாளைக் கட்டியிருக்கிறேன் என்று தனியாகச் சிரித்திருக்கிறேன். ஒரு போலீஸ்காரரை அவர் வீட்டுக்குள்ளேயே ஏமாற்றுவது எனக்குப் பிடித்துப்போயிற்று, அதுதான் உண்மை.

அடுத்ததாக அவர் வைத்தியராகிவிட்டார். எங்கள் அடுப்படியில் நின்று, நான் அரைத்த சாற்றை டம்ளரில் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்துப் போட்டார். "எனக்கு முந்நூறு இருந்துச்சு. இன்னைக்கு நூத்திப் பத்து. ஒரு மாத்திரை கெடையாது" என்று கம்பீரமாகச் சொன்னார். வீடியோ பிடித்தது நான்தான். போனை ஆட்டாமல் பிடி என்று என்னைத் திட்டினார்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ராஜபாளையத்திலிருந்து அவருடைய சிநேகிதர் வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சொந்தமாகக் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. அவருக்கும் பத்து வருஷமாகச் சர்க்கரை. என் கணவர் அவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். நான் இரண்டு டம்ளரில் சாறு கொண்டு வந்து வைத்தேன். ஒன்றில் மாத்திரைப் பொடி இருந்தது, மற்றதில் இல்லை.

புறப்படும்போது வாசலில் வைத்து, "தம்பி, மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க" என்றேன்.

"என்ன மதினி, அண்ணனே நிறுத்திட்டு ராசா மாதிரி இருக்காரு" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் என் கணவருக்குத் தெரிந்துவிடும், அவர் சாற்றையும் நிறுத்துவார், பழையபடி முந்நூறில் வந்து நிற்பார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இன்னொன்றையும் நினைத்தேன். போனைப் பார்த்து வைத்தியம் செய்கிற ஆள் எப்படிப் போனால் எனக்கென்ன, அவருக்கும் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்ளட்டும். அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்தாறு மாதம் கழித்து, மாத்திரையை நிறுத்தியிருந்த அந்தச் சிநேகிதர் செண்பகத்தோப்புப் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். காலில் முள் குத்தியிருக்கிறது. சர்க்கரையில் பாதம் மரத்திருந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை. புண் பெரிதாகி நாற்றம் வந்த பிறகுதான் மனைவி கவனித்திருக்கிறாள். மதுரைக்குக் கொண்டு போனார்கள். வலது காலில் இரண்டு விரலை எடுத்தபிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பார்க்கப் போனோம். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், பாதம் முழுக்கக் கட்டு. அவர் மனைவி, என்னைவிட எட்டுப் பத்து வயது இளையவள், கதவோரமாக நின்றாள். என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் கேட்டது இதுதான்.

"ஏலே, நீ வெதைய எடுத்துட்டு அரைச்சியா, வெதையோடயா?"

"எடுத்துட்டுத்தாண்ணே."

"அதான பாத்தேன்! வெதையிலதான்ல எல்லாமே இருக்கு. நான் வீடியோவுல தெளிவாச் சொல்லியிருந்தனே."

விரலில்லாத காலுக்கு முன்னால் உட்கார்ந்து விதையைப் பற்றிப் பேசுகிற அந்த வாயைப் பார்த்தேன். அவ்வளவு அருவருப்பாக யாரையும் நான் பார்த்ததில்லை. அந்த மனைவி என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சிக்கு மட்டும் எப்பிடிக்கா கேட்டுச்சு? நானும் அவிய சொன்ன மாதிரிதான அரைச்சுக் குடுத்தேன். என் கையிலதான் ஏதோ தப்பு" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஒன் கையில ஒண்ணுமில்ல. அவரு குடிச்ச சாறுல தெனமும் நான் மாத்திரையப் பொடிச்சுப் போட்டேன். முந்நூறுக்கு ஏறுன பொறவு அவரு ஒரு நாள்கூட மாத்திரை இல்லாம இல்ல. அவருக்கே தெரியாது" என்றேன்.

கட்டிலில் இருந்தவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் கடைசியில் கேட்டாள்.

"இவிய ஒங்க வீட்டுக்கு வந்தாகளே, அன்னைக்குமா?"

"அன்னைக்கும்."

"ரெண்டு டம்ளரையும் நீங்கதான கொண்டாந்து குடுத்தீக?"

"ஆமா."

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. "காப்பி வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லி உள்ளே போனாள். பொறவு வெளியே வரவே இல்லை. காப்பியும் வரவில்லை. செத்த நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தோம்.

பஸ்ஸில் என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊருக்குள் பஸ் நுழையும்போதுதான் வாயைத் திறந்தார். "நாலு பேருக்கு முன்னால என்னைய அசிங்கப்படுத்திட்டேல்ல."

நாலு பேர் யார்? கட்டிலில் ஒருவர், கதவோரம் ஒருத்தி, நாங்கள் இரண்டு பேர். சிநேகிதரின் விரல்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் டாக்டரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த மாத்திரையையும் கேட்காமல் நசுக்கக் கூடாது, சில மாத்திரைகளை நசுக்கினால் உயிருக்கே ஆபத்து என்று அவர் என்னைக் கடுமையாகத் திட்டினார். எனக்கு அது தேவைதான். நானும் பாகற்காய் வீடியோவில் வந்த அந்த வெள்ளைச் சட்டைக்காரரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம். அவருக்காவது போனில் ஒரு பார்வையாளர் கூட்டம் இருந்தது, எனக்கு அதுகூட இல்லை.

என் கணவரிடம் அவர் போட்ட வீடியோவை அழிக்கச் சொன்னேன். அவர் அழிக்கவில்லை. அவர் குளிக்கப் போயிருந்தபோது போனை எடுத்து, நடந்ததை என் குரலிலேயே பேசி அந்தக் குரூப்பில் போட்டேன். பாகற்காய் நல்ல காய், கறியாக வைத்துத் தின்னுங்கள், மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள் என்றேன். பத்து நிமிஷத்தில் ஆறு ரோஜாப்பூ விழுந்தது. ஒருவர், "பயனுள்ள தகவல், விதையோடு சமைக்க வேண்டுமா அக்கா?" என்று கேட்டிருந்தார்.

இப்போது என் கணவர் மாத்திரையைத் தானே எடுத்து, தானே போட்டுக்கொள்கிறார். நான் கொடுக்கும் எதையும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார், மோரைக்கூட.

ராஜபாளையத்துக்கு மாதம் ஒரு தடவை நான் மட்டும் போகிறேன். அந்தத் தம்பி இப்போது தனிச் செருப்புப் போட்டுத் தோப்புக்கு நடக்கிறார், "வாங்க மதினி" என்கிறார். அவர் மனைவி வாசல் கதவைத் திறந்துவிடுகிறாள். அக்கா என்று கூப்பிடுவது மட்டும் இல்லை.