ஸ்கேன் குழாய்க்குள் கேட்ட தட்டு

பேயைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், "அது உங்களைப் பார்த்துப் பயந்துச்சுங்களா?" என்று கேட்கிற ரகம் நான். கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணு டீக்கடையில் என்னால் பாதியில் நின்றுபோன பேய்க்கதைகள் ஏராளம். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

பச்சைத் தேயிலை விலை விழுந்து, எங்கள் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்த காலம் அது. தம்பி குமரேசன் மாடியில் இலை வாட்டுகிற இடத்தில் இருந்தான், நான் கீழே இலையைச் சுருட்டுகிற ரோலரில். மேலிருந்து இலை இறங்க ஒரு தகரக் குழாய் உண்டு. ரோலர் இரைச்சலில் கத்தினாலும் காதில் விழாது என்பதால், அந்தக் குழாயில் கட்டையால் தட்டித்தான் எங்கள் பேச்சுவார்த்தை. இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று: "இலை இன்னும் வாடல, பொறு" என்று அர்த்தம். கேட்டவன் பதிலுக்கு ஒரு தட்டு தட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேலே இருப்பவன் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பான்.

அந்தக் குமரேசனுக்குத்தான் மனம் பிசகியது. யாரோ காதுக்குள் திட்டுகிறார்கள் என்றான், பிறகு பேச்சையே நிறுத்திவிட்டான். மனச்சிதைவு என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள், தேறவில்லை. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே டாக்டரம்மாவுக்கு ஒரு சந்தேகம். இது மனச்சிதைவா, அல்லது மனம் தாறுமாறாக ஏறி, பிறகு பாதாளத்துக்கு இறங்குகிற இருமுனை நோயா? எது என்று தெரிந்தால்தான் சரியான மருந்து.

"எப்பவாச்சும் தூக்கமே இல்லாம, அளவுக்கு மீறின உற்சாகத்துல இருந்தாருங்களா?"

"வேலையே இல்லாத ஊர்ல உற்சாகத்துக்கு எங்கீங்க போறது?" என்று ஜோக்கடித்தேன். என் தம்பியைக் கவிழ்க்கப் பார்த்தது அந்த ஜோக்தான்.

அங்கே மூளையைப் படமெடுத்து இந்த இரண்டு நோய்களையும் ஒப்பிடுகிற ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது.

"அப்ப குமரேசனுக்கு எதுன்னு படத்துல தெரிஞ்சிருங்களா?"

"தெரியாதுங்க. ஒருத்தரோட படத்தை வெச்சு அப்படிச் சொல்ல முடியாது. நெறையப் பேரோடதைச் சேத்துப் பாத்தாத்தான் ரெண்டும் எங்க ஒத்துப்போகுது, எங்க பிரியுதுன்னு புரியும். ஒப்பிட்டுப் பாக்க நோயில்லாத கூடப்பொறந்தவங்களும் வேணும்."

குமரேசனிடமும் பொறுமையாக விளக்கிக் கேட்டார்கள். தலையசைத்தான். நோயில்லாத ஆள் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் இதைச் சொன்னதும் என் சம்சாரம், "நல்லா விசாரிச்சாங்களாமா?" என்றாள்.

முதலில் குமரேசன் உள்ளே போனான். நான் கேன்டீனில் பஜ்ஜி தின்றேன். கொஞ்சம்கூட அசையாமல் கிடந்தான் என்று டெக்னீசியன் பாராட்டினார். அடுத்தது நான். உடம்பில் இரும்பு, வெள்ளி எதுவும் இருக்கக் கூடாது என்றார். பேயை நம்பாத என் இடுப்பிலிருந்து வெள்ளித் தாயத்து ஒன்று வெளியே வந்தது. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

காதில் பஞ்சை அடைத்து, தலையைக் கூட்டுக்குள் வைத்து, "முடியலைன்னா அமுக்குங்க" என்று ஒரு ரப்பர் உருண்டையைக் கையில் கொடுத்து உள்ளே தள்ளினார்கள். மெஷின் கடகடவென்று ஆரம்பித்ததும், எங்கள் ரோலர் ரூம் மொத்தத்தையும் என் மண்டைக்குள் இறக்கியது போல இருந்தது, மூச்சு முட்டியது, முருகனைக் கூப்பிட்டேன், மாரியம்மனைக் கூப்பிட்டேன், போகிற போக்கில் அந்தோணியாரையும் கூப்பிட்டேன், ஒருவரும் வரவில்லை, உருண்டையை அமுக்கப் போனேன்.

அப்போது கேட்டது. இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

மெஷின் சத்தம் வேறு, இது வேறு. தகரத்தில் கட்டை விழுகிற சத்தம், என் நெற்றிக்கு நேர் மேலே. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் இன்னொரு டீ சொல்லுங்கள். பொறு என்று சொன்னது, என் கை தானாகத் தளர்ந்தது. பதில் தட்ட விரல் துடித்தது. அசையக் கூடாதே! தட்டவில்லை. மெஷின் நிற்கும்வரை அது விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும், முதுகுப்பக்கம் திறந்து கிடந்த அந்த ஆஸ்பத்திரி அங்கியோடு டாக்டரம்மாவிடம் ஓடினேன். "என் தம்பி தட்டுறானுங்க! அன்னிக்குத் தட்டுன மாதிரியே தட்டுறானுங்க!"

"என்னிக்குங்க?"

"போன வருசமுங்க. இலையே வராத நாள்லயும் மாடில நின்னு விடிய விடியத் தட்டிட்டிருந்தானே! வாரக்கணக்கா தூக்கமே இல்லீங்க. மேட்டுப்பாளையத்துக்கு ரோப் கார் விடறேன்னு ஊரையே கூட்டிட்டான்."

டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். "இதை ஏனுங்க அன்னிக்கே சொல்லல?"

"அது நோயின்னு ஆருக்குங்க தெரியும்? அந்த வருசம் எல்லாருந்தான் ஏதோ ஒண்ணு பண்றேன்னு கெளம்புனாங்க. ஒருத்தரு தேயிலையைப் புடுங்கிட்டு காளான் போட்டாரு. இவன் ரோப் கார்னான்."

அவர் என்னை உட்கார வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். மருந்து மாறியது. உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. வாரங்கள் போய், ஒருநாள் காலையில் குமரேசன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணா, உப்புமால உப்பில்ல." நான் அழுத அழுகையில் அந்தக் குறையும் தீர்ந்தது. இன்று அவன் கோத்தகிரியில் காய்கறிக்கடை வைத்திருக்கிறான். ஒழுங்காக ரத்தப் பரிசோதனை, ஒழுங்காக மாத்திரை. டாக்டரம்மாவை நினைக்காமல் எங்கள் வீட்டில் விளக்கேற்றுவதில்லை. அடுத்த நன்றி என் பயத்துக்கு. நான் தைரியசாலியாக இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்பேன்.

நன்றாகத் தேறிய பிறகு அவனிடம் கேட்டேன். "அன்னிக்கு வெளிய உக்காந்துட்டு எதுலடா தட்டுன?"

"நான் எங்கண்ணா தட்டுனேன்? நான் உள்ள கெடந்தப்ப நீதான தட்டுன? ரெண்டு, விட்டு ஒண்ணு. அதனாலதான அசையாம இருந்தேன்."

நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன் என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

"பதில் தட்டுனியாடா?"

"அசையக் கூடாதுன்னாங்களே."

ஃபேக்டரி பூட்டியாகிவிட்டது. அந்தக் குழாய் பழைய இரும்புக்குப் போய்விட்டது. தட்டியது யாராக இருந்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் பதில் போகவில்லையே என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அந்த ஸ்கேனுக்குப் பிறகு எங்கே இரைச்சல் எழுந்தாலும் அதற்கு அடியில் அந்தத் தட்டு எனக்கு லேசாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. போன வாரம் இருவரும் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். வளைவில் இன்ஜின் இரைந்து ஏறும்போது ஜன்னல் தகரத்தில் விரலை மடக்கி ஒரே ஒரு தட்டு தட்டினேன். பக்கத்தில் கண்ணை மூடியிருந்த குமரேசன் மெல்ல நிமிர்ந்து பஸ்ஸின் கூரையைப் பார்த்தான்.

"நின்னுருச்சுண்ணா" என்றான்.

 எனக்கும் அப்போதுதான் நின்றிருந்தது.