தூளிக்காக ஒரு வீடு

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊருக்கு வெளியே அந்தப் பழைய பண்ணை வீட்டை நாங்கள் வாடகைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், அதில் கூரையின் உத்தரம் வெளியே தெரிந்ததுதான். அது எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் மகளுக்கு அப்போது மூன்று மாதம். கட்டிலில் போட்டால் அலறல். நானும் மூன்று மாதமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. தூளி கட்டினால் தூங்கிவிடுவாள் என்று அடித்துச் சொன்னேன். எங்கள் அபார்ட்மெண்ட் கூரையோ வெறும் அட்டை. அதில் கொசுவலை கட்டினாலே பெயர்ந்து வந்துவிடும்.

வீட்டுக்காரம்மா எழுபது வயது அமெரிக்கப் பெண்மணி. இங்கிலாந்திலிருந்து வந்த அவருடைய முன்னோர், அங்கே கட்டுகிற மாதிரியே ஓக் மரச்சட்டங்களை இரும்பாணியே இல்லாமல் மரமுளையால் கோத்துக் கட்டிய வீடாம். ஆணி மட்டும் அடிக்கக் கூடாது என்றார். நாங்கள் ஏன் அடிக்கப் போகிறோம்? சேலையை உத்தரத்தின் மேல் போட்டு முடிச்சுப் போட்டோம். தரை சாய்ந்திருந்தது, ஜன்னலைச் சாத்தினாலும் காற்று வந்தது. அதையெல்லாம் யார் பார்த்தது?

என் கணவர் என்ஜினீயர். "முதல்ல டெஸ்ட் பண்ணணும்" என்று ஐம்பது பவுண்டு அரிசி மூட்டையைத் தூளியில் போட்டு மூன்று நாள் ஆட்டினார். வீட்டுக்காரம்மா அதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வேகமாக நடையைக் கட்டினார். அரிசி நன்றாகத் தூங்கியது.

நாலாம் நாள் மகளைப் போட்டோம். ஊரே கூடுகிற மாதிரி கத்தினாள். அடுத்த பதினைந்து நாளும் அதே கத்தல்.

"ஒரு வருஷத்துக்கு லீஸ் சைன் பண்ணியிருக்கோம்" என்றார் கணவர்.

"வாய மூடுங்க" என்றேன். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

ஒரு மத்தியானம் அவளைத் தோளில் போட்டு நடந்து நடந்து கால் கடுத்துப்போய், எரிச்சலில் நானே தூளிக்குள் உட்கார்ந்தேன். உத்தரம் ஒரு முறை முனகியது. முனகட்டும். அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு, காலால் தரையை லேசாக உந்தினேன்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. அவர் ஆபீஸிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். குழந்தை என் மேல் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்தீங்க?"

"ஒன்றரை மணி நேரமாச்சு. பேசாத, அவ எழுந்துடுவா. நீயும் தூங்கு, நான் ஆட்டறேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வராமல் அழுதேன். அவர் சேலையின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக ஆட்ட ஆரம்பித்தார்.