அக்காவுக்காகச் சூரியனைத் துரத்தியது

அக்காவை அந்த மாயக் கூடத்துக்குள் அழைத்துப்போக இரண்டு நாள் கெஞ்சினேன். வெளியே இழுத்து வர அதைவிட ஜாஸ்தி கெஞ்ச வேண்டியிருந்தது.

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், பழைய கல்யாண மண்டபம் ஒன்றைக் கண்ணை ஏமாற்றும் காட்சிக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். அக்கா வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. கண் டாக்டரிடம் காட்டி மூக்குக்கண்ணாடி மாற்ற என் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"காசு குடுத்து கண்ணைச் சரி பண்ணிக்க வந்தவளை, காசு குடுத்து கெடுத்துக்கச் சொல்றியே, உனக்கு புத்தி இருக்காடி?" என்றாள்.

நாங்கள் சமணர்கள். அக்கா பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். நான் ராத்திரி ஒன்பது மணிக்குப் பரோட்டா தின்கிற ஜென்மம். அவளுக்குச் சர்க்கரை வேறு. மாத்திரை போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிடாவிட்டால் ஆளே சுருண்டுவிடுவாள். அதனால் ஐந்து மணிக்கே சாப்பிட்டுவிடலாம் என்று ஒரு டப்பாவில் பொடி தடவிய இட்லியை அடைத்துக்கொண்டு போனோம். பையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே ஒரு கோணல் அறை. ஒரு மூலையில் நிற்பவர் பூதமாகவும் மறு மூலையில் நிற்பவர் சுண்டைக்காயாகவும் தெரிவார்கள். அக்கா குள்ளம், நான் நெட்டை. போட்டோவில் நான் அவள் இடுப்பளவுக்கு நின்றேன்.

"இத்தினி வருஷம் உன்னை அண்ணாந்து பாத்துப் பேசி கழுத்து நொந்துச்சுடி. நில்லு, இன்னொண்ணு எடு!"

அடுத்து, சுற்றிலும் உருளை சுழல, நடுவே ஆடாமல் அசையாமல் நிற்கும் பாலம். "புடிடி, கவுருது!" என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பாலத்தைத் தாண்டியதும், திரும்பவும் ஒருதரம் போகலாம் என்றாள். அதற்கப்புறம் மறுபடியும் கோணல் அறை. நான் மணியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டது?

ஒருவழியாகப் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். தெரு முழுக்க நிழல். அக்கா மேற்கே பார்த்தாள். மலைதான் இருந்தது, சூரியனைக் காணோம்.

"ஐயோ, பொழுது போயிடுச்சே!"

"போகலக்கா. மலை மறைக்குது. இந்த ஊர்ல தினமும் இப்படித்தான். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு, சாப்பிடு."

"உள்ள இருந்த வரைக்கும் கண்ணுல தெரியறது பொய்யின்னே. இப்ப தெரியாததை நெசம்னு சொல்ற. சூரியனைக் கண்ணால பாக்காம கை வைக்கமாட்டேன்."

போனில் அஸ்தமன நேரத்தைக் காட்டினேன். "போனுலதான் நீ என் இடுப்புக்கு இருக்கியே" என்றாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தபோதுதான் அவள் நெற்றியைப் பார்த்தேன். வியர்வை முத்து முத்தாக நின்றது. கை நடுங்கியது. கற்கண்டாவது போட்டுக்கொள் என்று நீட்டினேன். வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

கை காட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். "மலைக்கு அந்தாண்ட, அடி அண்ணாமலைக்குப் போப்பா, சீக்கிரம்!"

"கோயிலுக்காம்மா?"

"சூரியனைப் பாக்க!"

அவர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் ஓட்டினார் பாருங்கள், கிரிவலப் பாதையில் அப்படி ஒரு ஓட்டம்! அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் பேசாமல் வந்ததுதான் எனக்குப் பயம். மலையைச் சுற்றி அந்தப் பக்கம் திரும்பியதும் முகத்தில் சுள்ளென்று வெயில் அடித்தது. வயல்களுக்கு மேலே, பனைமர உயரத்தில், முழுசாக நின்றது சூரியன்.

"அட, ஆமாண்டி!" என்று எழுந்து உட்கார்ந்தாள் அக்கா.

ஆட்டோவை ஓரங்கட்டச் சொல்லி டப்பாவைத் திறந்தேன். முதல் இட்லியை நான்தான் பிட்டு ஊட்டினேன். இரண்டாவதை அவளே எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. உடனே வாய் திறந்துவிட்டது. பொடியில் உப்பு கம்மியாம்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"என் மூஞ்சியை என்னா பாத்துக்கினு இருக்கிற? பொழுது போவுது, நீயும் சாப்பிடு!" என்று அதட்டினாள்.

நானும் ஓர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். அம்மா போனதற்கப்புறம் என்னைச் சாப்பிடு என்று அதட்ட இவள் ஒருத்திதான் இருக்கிறாள்.