எல்லாரும் பார்க்க ஒரு மறுப்பு

எங்கள் மென்பொருளின் மைய அணியில் அக்காவைச் சேர்க்கவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பள்ளிக்கூட நூலகங்களில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப்போனார்கள் என்று பதிந்துவைக்கும் மென்பொருள் அது. இணையம் இல்லாத நேரத்திலும் வேலை செய்யும். அதன் மூலநிரல் உலகத்துக்கே திறந்திருக்கிறது. யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம், ஆனால் அதை உள்ளே சேர்க்கும் உரிமை மைய அணிக்கு மட்டும்தான். அணியில் மற்ற எல்லாரும் வெளிநாடுகளில் இருந்தார்கள். நான் மட்டும் கிளிநொச்சியில், ஒரு டயர் கடைக்கு மேலே வாடகை அறையில்.

அக்கா ஒட்டுசுட்டானில் கணினி ஆசிரியை. உறவு இல்லை, என்னைவிட வயதில் நன்றாக மூத்தவர் என்பதால் அக்கா. முதல் திருத்தத்தை எப்படி அனுப்புவது என்று அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்சக் காலத்தில் புதிதாக வருகிற பிள்ளைகளெல்லாம் என்னை விட்டுவிட்டு அவரிடம் போனார்கள். எனக்குப் பொறாமைதான். அதைவிடப் பெருமை.

அவர் பெயரை அணியில் முன்மொழிந்தேன். அணியில் மூத்தவர் பதில் எழுதினார்: “நன்றாக எழுதுகிறார். ஆனால் மற்றவர்களின் நிரலில் பிழை கண்டு ஒருமுறையாவது தடுத்திருக்கிறாரா? திருத்தங்களின் பதிவில் ஒன்றையும் காணோமே. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவரிடம் சாவியை எப்படிக் கொடுப்பது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா பிழை பிடிக்காத ஆளா? அவர் அதையெல்லாம் தொலைபேசியில் முடித்துவிடுவார். நாலு பேர் முன்னால் ஒருவரின் பிழையைச் சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அதனால் தனியாகக் கூப்பிட்டு, சுகம் விசாரித்து, மழை பெய்ததா என்று கேட்டு, கடைசியில்தான் “தம்பி, அந்தக் கடைசி வரியை ஒருக்காப் பாருங்கோவன்” என்பார். தம்பி திருத்தி அனுப்புவான். பதிவில் தம்பி கெட்டிக்காரன், அக்கா இருந்த சுவடே இருக்காது. இதை விளக்கி எழுதினேன். கண்ணில் படாததை வைத்து வாக்களிக்க முடியாது என்று மூத்தவர் சொல்லிவிட்டார்.

அக்காவிடம் சொன்னேன்.

“போகட்டும் தங்கச்சி. ஒரு பிள்ளையின்ர முகத்தை முறிச்சுத்தான் அது கிடைக்குமெண்டால் எனக்கு வேண்டாம்.”

வேண்டாம் என்றாலும் குரல் இறங்கிவிட்டது. எங்கள் பள்ளிக்கூடங்கள் அனுப்பும் திருத்தங்கள் மாதக்கணக்கில் தேடுவாரற்றுக் கிடப்பதை அவரைப்போல் நொந்துகொண்டவர் யாருமில்லை.

இதற்கிடையில் நான் ஒரு திருத்தம் போட்டேன். இரண்டு கணினிகளின் பதிவுகள் முரண்பட்டால், திகதியில் பிந்தியது நிற்கும், மற்றது அழியும். அருமையான வேலை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்த நாள் காலை அக்கா கூப்பிட்டார்.

“தங்கச்சி, சுகமோ? கோவிக்காதேங்கோ, நீங்கள் நேற்றுப் போட்டதில...”

“சொல்லாதேங்கோ அக்கா. பிழை கண்டால் திருத்தத்துக்குக் கீழ எழுதுங்கோ. எல்லாரும் பாக்கட்டும்.”

“ஐயோ, உங்கட பிழையையோ? எனக்கு ஏலாது.”

“அப்ப நான் அதைச் சேர்த்துப்போடுவன்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

உடனே என் நிரலை மேலிருந்து கீழே வாசித்தேன். எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. பின்னேரம் அவருடைய கருத்து வந்தது. “இதைச் சேர்க்கக்கூடாது” என்று தொடங்கியது. சுக விசாரிப்பு இல்லை, மழை இல்லை. பழைய கணினிகளில் கடிகாரப் பற்றரி செத்திருக்கும், மின்சாரம் போய் வந்தால் திகதி பல வருடம் பின்னுக்குப் போகும், அதில் இன்று பதிந்ததைப் பழையதென்று நினைத்து என் நிரல் அழித்துவிடும் என்று எழுதியிருந்தார்.

உண்மையாகவே எனக்குச் சுட்டது. எங்கேயோ ஓரிடத்தில் நடப்பதற்காக இதை நிறுத்துவதா என்று வரிந்துகட்டிக்கொண்டு அங்கேயே எழுதிக் கேட்டேன். அக்கா அசையவில்லை.

“எங்கள் பள்ளிக்கூடத்தில் இது அடிக்கடி நடக்கிறது. புத்தகத்தைத் திருப்பித் தந்த பிள்ளையைத் தரவில்லை என்று கணினி சொல்லும். பிள்ளை கள்ளனாகிவிடும். நீங்களே எழுதியிருந்தாலும் நான் சம்மதிக்கமாட்டேன்.”

அதை வாசித்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. தனி அறையில் எழும்பி நின்று கை தட்டினேன். என்ன சத்தம் என்று கீழே டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுபடியும் முன்மொழிந்தேன். முதலில் ஆம் என்றவர் அந்த மூத்தவர். மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். உரிமையை அக்காவின் கணக்கில் ஏற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

“தங்கச்சி, உங்கட திருத்தத்துக்குக் கீழ இரண்டு பொத்தான் புதுசா வந்திருக்கு. சேர்க்கிறதுக்கு ஒண்டு, வேண்டாமெண்டு மூடுறதுக்கு ஒண்டு.”

“ஓம் அக்கா. இனி அது உங்கட முடிவு.”

என் திரையில் என் திருத்தம் மூடப்பட்டது. மூடியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர்.

“மூடிப்போட்டன்” என்றார். கோவிக்காதேங்கோ என்று சொல்லவில்லை.